எல்லோரும் திரும்பிய பிறகு திரும்பும் அக்கா

‘உனக்கும் கேக்குதா?’ என்று ஒருவர் நம்மிடம் கேட்டால், கேட்கவில்லை என்று உண்மையைச் சொல்வது அவருக்கு உதவியா, கெடுதலா? பிரேசர் டவுனில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா என்னிடம் அந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் உள்ளதைத்தான் சொன்னேன். வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை. இப்போது அதே கேள்வி என் வீட்டுக்கே வந்துவிட்டது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

திருப்பத்தூரிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்த புதிதில் அந்த வீட்டு மாடியில் பேயிங் கெஸ்டாக இருந்தேன். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டுக்காரரின் தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவராம். வீட்டுக்காரர் ஆடிட்டர். அவரை அங்கிள் என்றும் அவர் மனைவியை ஆன்ட்டி என்றும் கூப்பிடுவோம். அங்கிளின் தங்கைதான் அக்கா. நாற்பதை ஒட்டிய வயது, கல்யாணம் ஆகாதவர். எப்போதும் காட்டன் புடவை, தழையப் பின்னிய ஒற்றைச் சடை. பக்கத்துத் தெரு பேக்கரி ஒன்றின் பின்கட்டில் ரஸ்க், பிஸ்கட் பாக்கெட்டுகளை ஒட்டும் வேலைக்குப் போய்வருவார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் ஆன்ட்டி, “ஃப்ரெண்டோட பிசினஸ்ல ஹெல்ப் பண்றா” என்பார்.

நான் முதலில் கவனித்தது அக்காவின் தாமதத்தைத்தான். காலிங்பெல் அடித்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எழ மாட்டார். ஆன்ட்டி சமையலறையிலிருந்து, “யாருன்னு பாரேன்” என்று குரல் கொடுத்த பிறகு எழுவார். குக்கர் விசில் அடித்தால் அடுப்பைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். தெருவில் ஏதாவது சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிய பிறகு, அவர் திரும்புவார். ஜோக்குக்கும் அப்படித்தான். நாங்கள் சிரித்து முடிக்கும் தறுவாயில் அவர் சிரிக்க ஆரம்பிப்பார். மாடியில் என்னோடு தங்கியிருந்த பெண் அவருக்கு ‘டூ ஜி’ என்று பெயர் வைத்திருந்தாள். நானும் சிரித்திருக்கிறேன். அக்காவுக்குக் காது மந்தம் போலிருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உண்மையில் அந்த வீட்டிலேயே கூர்மையான காது அவருடையதுதான். அது எனக்குத் தெரிந்தது ஒரு அவரைக்காய்ச் சீசனில்.

பெங்களூரில் குளிர் தொடங்கினால் அவரைக்காயும் தொடங்கிவிடும். எல்லா வீட்டிலும் ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்காவும் நானும் கீழே ஹாலில் உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று அவர் கை நின்றது.

“மாடியில யாரோ நடக்கிறாங்கல்ல?” என்றார்.

காது கொடுத்துக் கேட்டேன். “இல்லையேக்கா.”

“உனக்குக் கேக்கல?”

“கேக்கலக்கா.”

“சரி. அப்போ என்னோடது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிதுக்க ஆரம்பித்தார். பயமில்லை, வருத்தமில்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளில் தன்னுடையதைக் காலால் ஒதுக்கிவைப்பது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து, மேலே தண்ணித் தொட்டி கழுவ வந்த ஆள் ஈரக் காலோடு மாடிப்படி இறங்கி வந்தார். அக்கா கேட்டது நிஜம்தான். எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

“ஸாரிக்கா, எனக்கு நெஜமாவே கேக்கல.”

“அய்யோ, அதனால என்ன?” என்று சிரித்தார். “நெஜத்தை என்னோடதுன்னு நெனச்சுக்கிட்டா நஷ்டம் ஒண்ணுமில்லம்மா. என்னோடதை நெஜம்னு நெனச்சாத்தான் ஆபத்து. அதுக்குத்தான் கேக்கறது.”

அன்றைக்கு அதைப் புத்திசாலித்தனமான பேச்சு என்று நினைத்தேன். இத்தனை தெளிவாக யோசிக்கிறாரே என்று மதிப்புக்கூட வந்தது. இப்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவரே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். பி.எஸ்.சி. கணிதம் இரண்டாம் வருடம், ஹாஸ்டலில் இருந்தபோது அது வந்ததாம். பரீட்சை நேரம். சரியாகத் தூங்காத நாட்கள்.

“ஃபேன்ல இருந்து பேசினாங்க. முதல்ல நல்லாத்தான் பேசினாங்க. நீ நல்லா எழுதுவன்னாங்க. எனக்கு சந்தோஷமாக்கூட இருந்துச்சு. அப்புறம்தான் சாப்பாட்டைப் பத்தி ஆரம்பிச்சாங்க. மெஸ்ஸுல எனக்கு மட்டும் கல்லு கலந்து போடறாங்களாம். ஒவ்வொரு நாளும் வயித்துல அது சேந்துக்கிட்டே வருதாம். கையை வெச்சுப் பார்த்தா நெஜமாவே கல்லு இருக்கும். சத்தியமா இருந்துச்சும்மா. வார்டனைப் பிடிச்சுத் தள்ளிட்டேன். அவங்க பாவம், வயசானவங்க.”

அங்கிள் போய் அழைத்துவந்தார். ஆஸ்பத்திரி, மாத்திரை, வீடு. படிப்பு அதோடு நின்றது. அதன் பிறகு அந்த மாதிரி இன்னொரு முறை வரவில்லை. “அது ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் இத்தனை வருஷமா ஒண்ணுமில்ல, சாமி புண்ணியம்” என்று ஆன்ட்டி பெருமையாகவே சொல்வார். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. ஒன்றும் ஆகவில்லை என்றால் நன்றாக இருக்கிறாள். அவர் நன்றாக இருந்தாரா என்று நானும் யோசித்ததில்லை. வேலைக்குப் போனார், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார், டீவியில் சமையல் நிகழ்ச்சி பார்த்தார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தார்.

அக்காவுக்குக் குரல்கள் முழுக்கப் போய்விடவில்லை. எப்போதாவது சின்னச் சின்னச் சத்தங்களாக வரும். யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, நடக்கும் சத்தம், தட்டும் சத்தம். அதற்காகத்தான் இந்தக் கேள்வி. ஆனால் எல்லோரிடமும் நேரடியாகக் கேட்க மாட்டார். பேக்கரியில் கேட்டால் வேலை போய்விடும் என்று பயம். ஆன்ட்டியிடம் கேட்டால் பதிலுக்கு ஒரே கேள்விதான் வரும்: “மாத்திரை போட்டியா?”

ஆன்ட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளரில் பாலோடு மாத்திரையை எடுத்துவந்து, அக்கா விழுங்குகிறவரை எதிரில் நிற்பார். காய்ச்சல் என்றால் விடிய விடிய நெற்றியில் துணி போடுவார். சொந்தத் தங்கையாக இருந்தால்கூட அத்தனை வருடம் அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்களா தெரியாது. ஆனால் அக்கா கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால், “மாத்திரை போட்டியா?” சாப்பாட்டில் உப்பு அதிகம் என்றால், “மாத்திரை போட்டியா?” ஒருமுறை மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று ஒரு புடவை எடுத்துவந்தபோதும் அதேதான். அந்தப் புடவையை அக்கா உடுத்தி நான் பார்க்கவில்லை.

அதனால் அக்கா மற்றவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார். பஸ்ஸில் ஹாரன் கேட்டால், பக்கத்து சீட்டுக்காரர் தலை திரும்புகிறதா என்று பார்ப்பார். பகலில் வீட்டில் தனியாக இருந்தால், பக்கத்து வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய். “அது காதைத் தூக்குச்சுன்னா நெஜம். தூங்கிக்கிட்டே இருந்தா என்னோடது” என்பார். அந்த நாய்க்குத் தினமும் உடைந்த ரஸ்க் கொண்டுவந்து போடுவார். “சம்பளம்” என்று கண்ணடிப்பார்.

இன்னொரு வழியும் வைத்திருந்தார். அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னோடதெல்லாம் தமிழ்லதான் பேசும். ஒரு நாள்கூட கன்னடத்துல பேசினதில்ல. அதனால காலையில கச வண்டி கன்னடப் பாட்டு போட்டுக்கிட்டு வருதில்ல, அதை மட்டும் யாரையும் கேக்காமலே நம்பிடுவேன்.”

“உருதுல வந்தா?”

“உருதுவா? எதிர்த்த வீட்டு பாய்தான். வேற யாரு, என்னைப் போய் உருதுல திட்டறது?”

இருவரும் சிரித்தோம். கூடத்திலிருந்து ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். அக்கா உடனே வாயை மூடிக்கொண்டார். வாயைத் துடைப்பது போல உள்ளங்கையால் மூடிக்கொள்வார், அப்படி.

அந்தக் குப்பை வண்டி வரும் நேரத்தில் மட்டும் அக்காவைப் பார்க்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். நாளில் ஒரே ஒரு முறை, அவர் முதலில் திரும்புவார்.

நாய் செத்துப்போனது ஒரு மழைக்காலத்தில். வயதாகிவிட்டது அதற்கு. அக்கா அழவில்லை. ஆனால் அதன் பிறகு பகலில் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தால் காலிங்பெல் அடித்தாலும் கதவைத் திறப்பதையே விட்டுவிட்டார். கூரியர்காரர்கள் திரும்பிப் போனார்கள். ஆன்ட்டி சத்தம் போட்டார். “வீட்ல குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு என்னதான் பண்ற?” மறுநாள் என்னிடம் மட்டும், “ஆபீஸ்ல இருந்து எனக்கு ஒரு போன் பண்ணேன். பெல் அடிச்சா உனக்குக் கேக்குதான்னு போன்லயே கேட்டுடறேன்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கேலியா நிஜமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சில நாட்கள் போன் செய்தேன். பிறகு வேலை அதிகமானது.

அதற்கடுத்த தை மாதம். மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா மேலே வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது போல இருந்தது. இப்போது யோசித்தால் அப்படித் தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றியதா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

“உனக்கு வயிறு வலிச்சா எப்படி இருக்கும்?” என்று கேட்டார்.

“மாசா மாசம் வருமே, அதுவாக்கா?”

“இல்ல. சும்மா வரது.”

“பிசையற மாதிரி இருக்கும். எதாவது கண்டதைச் சாப்பிட்டா.”

“பிசையற மாதிரி” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “கெட்டியா இருக்காதா? உள்ள எதையோ வெச்சு அடைச்ச மாதிரி?”

“எனக்கு அப்படி வந்ததில்லக்கா. ஏன், வலிக்குதா?”

“தெரியல” என்றார். “உனக்கு அப்படி வராதுல்ல? சரி.”

வெந்தயம் ஊறவைத்துக் குடியுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அடுத்தடுத்த நாட்களில் அவர் சாப்பிடுவது குறைந்ததை ஆன்ட்டி கவனித்தார். கவனிக்காமல் இருக்க மாட்டார். “ஏன் தட்டுல வெக்கற? மாத்திரை போட்டியா?” என்றார். “போட்டேன் அண்ணி” என்றார் அக்கா. அது உண்மை. அவர் ஒரு வேளைகூட விட்டதில்லை.

ஒரு நாள் காலை குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து, தெருவில் நின்று, கிளம்பிப் போயும்விட்டது. அக்கா வாசலுக்கு வரவில்லை. ஆன்ட்டி போய்ப் பார்த்தார். பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார் அக்கா. புடவை முழுக்க வாந்தி. வயிறு பானை போல உப்பியிருந்தது. அங்கிள் காரை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளைஞர். கன்னடக்காரர். அக்காவின் வயிற்றில் கை வைத்து மெதுவாக அழுத்தி, “நோவு இதெயா அம்மா?” வலிக்கிறதா என்று கேட்டார்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

டாக்டர் கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் அழுத்தினார். “இல்லி?” இங்கேயா என்று கேட்டார். அக்காவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்கிறேன் என்று. ஜன்னல் பக்கம் நான் திரும்புகிறேனா என்று பார்ப்பாரே, அதே பார்வை. “நோவு இதெ சார், அவங்களுக்கு ரொம்ப வலிக்குது” என்று இரண்டு மொழியையும் கலந்து நான் சொன்ன பிறகுதான் அவர் வாயிலிருந்து முனகல் வந்தது. சத்தத்தை, காலடியை, எரிகிற வாசனையை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். வலியை யாரிடம் கேட்பது?

குடல் அடைத்துக்கொண்டு கிழிந்துபோயிருந்தது. அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையில் சிலருக்குக் குடல் மந்தமாகும், சரியாக மலம் கழிகிறதா என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், வலி என்றால் உடனே சொல்ல வேண்டும் என்றார் பெரிய டாக்டர். சொல்லியிருந்தால் சரிசெய்யக்கூடியதுதான் என்றும் சொன்னார். “மாத்திரை மேல தப்பில்ல. அதுதான் இத்தனை வருஷம் இவங்களைக் காப்பாத்தியிருக்கு. வலிக்குதுன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

அங்கிள் தலையைக் குனிந்துகொண்டார். ஆபரேஷன் நடந்தது. அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் ஆன்ட்டி மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு, “கல்லு மாதிரி இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் சொல்லு?” என்றார். “மறுபடியும் ஆரம்பிச்சிருச்சேன்னுதான் நெனச்சிருப்பேன். அவ அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். மாத்திரையைக் கூட்டியிருப்பாங்க. அது அவளுக்கும் தெரியும்டி. அதான் சொல்லல.”

எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டு வந்து வருடங்கள் ஆகின்றன. இப்போது விவேக் நகரில் இருக்கிறோம். எனக்கு ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் பிளேஸ்கூல் போகிறாள். கூடவே என் தம்பியும் இருக்கிறான்.

தம்பி படித்து முடித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தான். போன வருடத்துக்கு முந்திய வருடம் அவனுக்கும் அது வந்தது. ஆபீஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே மெசேஜ் அனுப்பிக்கொள்கிறார்கள் என்று ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்கிறது என்றான். ஒரு நாள் ஆபீஸில் ஒருவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி உடைத்துவிட்டான்; கூப்பிட்டார்கள் என்று ஓடிப்போய் அந்த நிலையில் அவனைப் பார்த்தேன். அக்காவைப் பார்த்திருந்ததால் எனக்கு உடனே புரிந்தது. தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோனோம். சீக்கிரம் வந்தது நல்லது, நிறையப் பேர் நன்றாகத் தேறி வேலை, குடும்பம் என்று இருக்கிறார்கள் என்றார் டாக்டர். தம்பியும் தேறினான். இப்போது வீட்டிலிருந்தே பாதி நேர வேலை பார்க்கிறான். பாப்பாவுக்கு மாமா என்றால் உயிர்.

குணமாகிவந்த சமயத்தில் எப்போதாவது சத்தம் கேட்கிறது என்று பயந்தான். “பயப்படாதடா. கேட்டா என்கிட்ட வந்து, உனக்கும் கேக்குதாக்கான்னு கேளு. நான் சொல்றேன்” என்றேன். அக்காவிடம் நான் பார்த்த நல்ல விஷயம் அது என்று நினைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். உண்மையிலேயே உதவியது. அவன் பயம் குறைந்தது. என் கணவர்கூட, “நல்ல ஐடியாதான்” என்றார். பாப்பாவும் பிடித்துக்கொண்டாள். பால்கனியில் புறா கத்தினால் ஓடிவந்து, “மாமா, உனக்கும் கேக்குதா?” என்பாள். “கேக்குதே” என்பான் அவன். இருவரும் கையைத் தட்டிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் அந்த விளையாட்டைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பு வராது.

இந்த மாதத் தொடக்கத்தில் நான் உள்ளறையில் ஆபீஸ் போன்காலில் இருந்தேன். பாப்பா ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தீய்ந்த வாசனை வந்து வெளியே ஓடிவந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து, வற்றி, பாத்திரம் கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. சமையலறைக்கு நேர் எதிரே, டைனிங் டேபிளில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தம்பி உட்கார்ந்திருந்தான்.

“வாசனை வரலியாடா உனக்கு?”

“வந்துச்சு.”

“அப்புறம்?”

“நீ வரலியேக்கா. பாப்பாவும் எழுந்திருக்கல. அதான் என்னோடதோன்னு இருந்துட்டேன்.”

நான் அவனிடம் அக்காவைப் பற்றிச் சொன்னதே இல்லை. கேள்வியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ‘என்னோடது’ என்ற வார்த்தையைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே பாத்திரத்தைத் தேய்த்தேன். பாப்பா விழித்து அழுதிருந்தால், அப்போதும் என் முகத்துக்காகக் காத்திருந்திருப்பானா?

“அது யாரோடதா இருந்தா என்னடா, எழுந்து போய்ப் பாக்கறதுதானே?” என்றேன்.

“பாத்தா மட்டும்?” என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். “சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாதுக்கா. நம்பிட்டு எதாவது பண்ணினாத்தான் பிரச்சினை. அன்னிக்கு ஆபீஸ்ல பாத்தல்ல.”

அவரைக்காய் பிதுக்கிக்கொண்டே அக்கா சொன்ன அதே கணக்கு. வார்த்தை மட்டும் வேறு.

அன்றிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பார்க்கிறேன் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. சிரித்தால் பார்க்கிறேன், சிரிக்காவிட்டாலும் பார்க்கிறேன். போன வாரம் அவன் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். மாத்திரை போட்டாயா என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். எத்தனை நாளைக்கு விழுங்குவேன் என்று தெரியவில்லை.

இரண்டு மூன்று நாட்களாகத் தம்பி தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிடுகிறான். பாத்ரூமுக்குப் போனால் வர நேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டவன் உடனே இறக்கிவிட்டான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா.”

“வயிறு வலிக்குதா?”

அவன் என் முகத்தைப் பார்த்தான்.

டாக்டரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மலம் எப்படிப் போகிறது என்று கேட்டார். நாளை காலை முதல் ஆளாக வரச் சொல்லியிருக்கிறார். நடுவில் வாந்தியோ கடுமையான வலியோ வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகச் சொன்னார். எந்த ஆஸ்பத்திரி, எந்த வழி என்றெல்லாம் யோசித்து வைத்துவிட்டோம். அதில் எனக்குக் குழப்பமில்லை.

குழப்பம் அதற்குப் பிறகு வரப்போகும் நாட்களைப் பற்றித்தான். உன்னை நீயே நம்பு என்று அவனிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, ஆபீஸில் நடந்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். நம்பாதே, என்னைக் கேள் என்று இனிமேல் சொல்லவும் முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒருவரோடு நெடுநாள் வாழ்ந்தவர்கள் இருப்பீர்கள். நீங்களே அதிலிருந்து மீண்டு வந்தவர்களாகவும் இருக்கலாம், உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். சத்தத்தைச் சந்தேகிக்கச் சொல்லிக்கொடுத்த ஒருவனுக்கு வலியைச் சந்தேகிக்காதே என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நாளை டாக்டர் வயிற்றில் கை வைத்து வலிக்கிறதா என்று கேட்கும்போது, அவன் திரும்பி என்னைத்தான் பார்ப்பான். அப்போது என் முகம் எப்படி இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.